வாயில் பத்து மீன்... வருஷத்துக்கு ஒரே முட்டை!

முதுகில் கறுப்புக் கோட்டு. முன்னால் சலவை செய்த வெள்ளைச் சட்டை. காலில் ஆரஞ்சு கலர் ஷூ. முகத்தில், நேற்றுதான் வேலை போனது மாதிரி ஒரு சோகம். அந்தச் சோகத்துக்கு நடுவே சிவப்பு, மஞ்சள், சாம்பல் நீலம் என்று பட்டை பட்டையாகப் பெயின்ட் அடித்த மூக்கு. கல்யாண ரிசப்ஷனுக்குக் கிளம்பியவர் வழியில் சர்க்கஸ் கம்பெனியில் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்!

ஐயாவின் பெயர் பஃபின். வட அட்லாண்டிக் கடலோரத்துப் பறவை. நீளம் ஒரு அடிக்குள்தான். எடை அரைக் கிலோவைத் தாண்டினால் அதிகம். 'கடல் கிளி', 'கடல் கோமாளி' என்றெல்லாம் அந்தப் பக்கத்து மக்கள் செல்லப் பெயர் வைத்திருக்கிறார்கள். பார்த்தால் பெங்குவினுக்குத் தம்பி மாதிரி தெரியும். சொந்தமே கிடையாது. பெங்குவின் தெற்கு, இவர் வடக்கு. பெங்குவின் பறக்காது, இவர் பறப்பார்.

பெயரைக் கேட்டதில்லை என்று சொல்லாதீர்கள். குழந்தைகளுக்கு இங்கிலீஷ் கதைப் புத்தகம் வாங்கியிருந்தால், அட்டை மூலையில் நின்றுகொண்டு உங்களைப் பார்த்தவர் இவர்தான். பெங்குவின் பதிப்பகம் 1940-ல் குழந்தைகளுக்காக ஆரம்பித்த பிரிவுக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். சினிமாவிலும் இவருக்கு ஒரு பங்கு உண்டு. 2017-ல் வந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் உருண்டைக் கண்ணோடு 'போர்க்' என்று சில ஜந்துக்கள் வருமே, ஞாபகம் இருக்கிறதா? அயர்லாந்தில் ஸ்கெலிக் மைக்கேல் என்ற தீவில் ஷூட்டிங். எந்தப் பக்கம் கேமராவைத் திருப்பினாலும் பஃபின். பாதுகாக்கப்பட்ட பறவை, விரட்ட முடியாது. டைரக்டர் ரியான் ஜான்சன் பார்த்தார். அவற்றையே வேற்றுக் கிரகத்துப் பிராணியாக மாற்றிப் படத்தில் சேர்த்துவிட்டார்!

இப்படி உலகப் புகழ் பெற்ற பறவையை, 2015-ல் ஐ.யு.சி.என். என்ற சர்வதேச அமைப்பு 'அழியக்கூடிய நிலை'ப் பட்டியலில் ஏற்றியது. ஐரோப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டால் நிலைமை இன்னும் ஒரு படி மோசம்.

'ஷூட்டிங்கில் ஃபிரேமுக்கு ஃபிரேம் வந்து நின்ற பறவையா அழியப் போகிறது?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அங்கேதான் கணக்கில் ஒரு பெரிய வில்லங்கம் இருக்கிறது. அதைப் பார்ப்பதற்கு முன்னால் இவர் குடும்பம் நடத்தும் அழகைப் பார்த்துவிடலாம்.

எட்டு மாசம் பிரிவு

அட்லாண்டிக்கின் இரண்டு கரையிலும் இவருக்கு வீடு உண்டு. அமெரிக்காவின் மெய்ன் மாநிலம், கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து, கிரீன்லாந்து, ஐஸ்லாந்து, ஃபேரோ தீவுகள், பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸின் பிரிட்டனி ஓரம், நார்வே, அதற்கும் மேலே ரஷ்யாவின் நோவயா ஸெம்ல்யா வரை. இத்தனை இடம் இருந்தாலும் உலகத்து பஃபின்களில் பாதிக்கு மேல் குடியிருப்பது ஐஸ்லாந்தில்தான்.

வீடு என்றால் வருஷம் பூராவும் இருக்கிற வீடு இல்லை. ஏப்ரல் வாக்கில் கரைக்கு வருவார், ஆகஸ்டில் கிளம்பிவிடுவார். மீதி எட்டு மாசமும் நடுக்கடல். மழை, புயல், பனி எல்லாம் தண்ணீர் மேலேயேதான். அந்தச் சமயத்தில் நேரில் பார்த்தால் அடையாளமே தெரியாது. அலகின் கலர்ப் பட்டைகள் கழன்று விழுந்துவிடும். முகம் சாம்பல் பூத்துப் போகும். மேக்கப் எல்லாம் சீசனுக்கு மட்டும்தான்!

கணவன் மனைவி இரண்டு பேரும் குளிர்காலத்தில் தனித்தனியாகத்தான் போகிறார்கள். வசந்த காலம் வந்ததும் போன வருஷம் இருந்த அதே தீவு, அதே வளை, பெரும்பாலும் அதே ஜோடி. வேல்ஸில் ஸ்கோமர் தீவுப் பறவைகளின் காலில் குட்டிக் கருவி மாட்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு பறவைக்கும் தனித்தனி ரூட். ஆனால் அதே பறவை அடுத்த வருஷமும் தன் பழைய ரூட்டில்தான் போகிறது. சேர்ந்து போகாவிட்டாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி ரூட்டில் போய் வந்த ஜோடிகள் குடும்பமும் நன்றாக நடத்தின என்று 2017-ல் ஓர் ஆய்வு சொன்னது. பிரிவிலும் ஒரு பொருத்தம் வேண்டும் போலிருக்கிறது.

வீடு, மண்ணுக்குள் ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குப் போகும் வளை. அலகாலும் காலாலும் தானே தோண்டிக்கொள்வார், கடன் கிடன் கிடையாது. உள்ளே புல்லும் இறகும் போட்ட படுக்கை. குஞ்சு அந்தப் படுக்கையை அசிங்கம் பண்ணாது. தள்ளி ஒரு மூலையை அதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கும். கிட்டத்தட்ட அட்டாச்டு பாத்ரூம்!

அங்கே இடுவது ஒரே ஒரு முட்டை. வருஷத்துக்கு ஒன்று, அவ்வளவுதான். ஆறு வாரம் அம்மாவும் அப்பாவும் மாறி மாறி அடைகாக்கிறார்கள். குஞ்சு வந்ததும் இன்னும் ஆறு வாரம் மாறி மாறி மீன் சுமக்கிறார்கள். ஷிப்ட் முறையில் தகராறே இல்லை.

டிபன் கேரியர் அலகு

மீன் பிடிப்பதில் ஐயா கில்லாடி. தண்ணீருக்குள் இறக்கையை அடித்தே பறப்பார். 60 மீட்டர் ஆழம் வரைகூடப் போவார். அந்தக் குட்டை இறக்கை தண்ணீருக்கு அளவெடுத்துத் தைத்தது, காற்றுக்குப் பற்றாது. அதனால் ஆகாயத்தில் நிமிஷத்துக்கு 400 தடவை வரை அடித்தாக வேண்டும். அடித்தால் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம். இறங்குகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். புல்லில் உருண்டு, பக்கத்து வீட்டுக்காரர் மேல் மோதி, ஒன்றும் நடக்காத மாதிரி எழுந்து நடப்பார்.

பெரிய ஆச்சரியம் அந்த அலகுதான். ஒரே டிரிப்பில் சராசரியாகப் பத்து மீன் வரும், அலகுக்குக் குறுக்கே வரிசையாக அடுக்கி வைத்த மாதிரி. பத்தாவது மீனைப் பிடிக்க வாயைத் திறந்தால் முதல் ஒன்பதும் நழுவ வேண்டாமோ? நழுவாது. நாக்கிலும் மேல் அண்ணத்திலும் உள்பக்கம் பார்த்த முட்கள் இருக்கின்றன. பிடித்த மீனை நாக்கால் மேலே அழுத்திக்கொண்டு அடுத்ததைப் பிடிப்பார். டிபன் கேரியருக்குக் கிளிப் போட்ட மாதிரி!

சம்பளத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வரும் வழியில் வழிப்பறியும் உண்டு. கடல் காகங்களும் ஸ்குவா என்ற முரட்டுப் பறவைகளும் வளை வாசலிலேயே காத்திருக்கும். அதனால் பஃபின்கள் கும்பலாகத் தீவைச் சுற்றி வட்டமடித்து, திருடர்களைக் குழப்பிவிட்டு, சடாரென்று வளைக்குள் பாய்ந்துவிடும்.

பிரச்னை ஆரம்பிப்பது இதற்கு அப்புறம்தான். அலகு எவ்வளவு கெட்டியாக இருந்தால் என்ன, கடலில் மீன் இருந்தால்தானே?

முதலைத் தின்னும் கம்பெனி

காமர்ஸ் படித்தவர்களுக்கு இந்த இடம் சட்டென்று புரியும். ஒரு கம்பெனி இருக்கிறது. வாசலில் கூட்டம், பெயர்ப் பலகை பளபளப்பு, ஊழியர்கள் பரபரப்பு. ஆனால் பத்து வருஷமாக லாபமே இல்லை, முதலை எடுத்துத் தின்றுகொண்டிருக்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் தெரியுமா? தெரியாது. தெரிய வரும் நாளில் ஷட்டர் இறங்கியிருக்கும்.

பஃபின் கதையும் அதுதான். இந்தப் பறவைக்கு ஆயுள் கெட்டி. 20 வருஷம் சர்வ சாதாரணம். நார்வேயில் 41 வருஷம் இருந்த ஒன்று பதிவாகியிருக்கிறது. முட்டையிட ஆரம்பிப்பது ஐந்து வயசு வாக்கில். ஆக, ஒரு ஜோடி தன் வாழ்நாளில் பதினைந்து இருபது முட்டை இடலாம். அதில் இரண்டே இரண்டு தப்பித்து வளர்ந்து, அப்பா அம்மா இடத்துக்கு வந்துவிட்டால் போதும், கணக்கு டேலி. அந்த இரண்டுகூட வராவிட்டால்? பெரியவர்கள் வருஷா வருஷம் வந்துகொண்டேதான் இருப்பார்கள். தீவு நிரம்பித்தான் இருக்கும். டூரிஸ்ட் போட்டோ எடுத்துக்கொண்டு, 'எவ்வளவு பறவை!' என்று வியந்துவிட்டுப் போவார். அந்தக் கூட்டத்தில் சின்ன வயசுக்காரர்களே இல்லை என்பது யார் கண்ணிலும் படாது.

நார்வேயின் வடக்கே ராஸ்ட் என்று ஒரு தீவுக் கூட்டம். அங்கே பஃபின் குஞ்சுக்கு முக்கியச் சாப்பாடு ஹெர்ரிங் மீனின் பொடிக் குஞ்சுகள். தெற்கே முட்டையிலிருந்து வெளிவந்து கடல் நீரோட்டத்தோடு ராஸ்ட் பக்கம் மிதந்து வரும். அந்த ஹெர்ரிங்கை மனிதன் ஒட்டச் சுரண்டிப் பிடித்ததில் 1960-களின் கடைசியில் மீன் கூட்டமே சரிந்து விழுந்தது. ராஸ்ட் வளைகளில் வருஷா வருஷம் குஞ்சுகள் பட்டினியில் செத்தன. அப்படியும் 1979-ல் எண்ணியபோது ஏறக்குறைய 15 லட்சம் ஜோடி! யாராவது நஷ்டக் கம்பெனி என்பார்களா? பெரியவர்கள் ஒவ்வொருவராகக் கண்ணை மூடினார்கள், இடத்துக்கு ஆள் வரவில்லை. முப்பது சொச்ச வருஷத்தில் மூன்று லட்சத்துக்கும் கீழே போய்விட்டது.

ஒரு பக்கம் பார்த்தால் விசித்திரம். இதே நார்வேக்காரர்கள் முன்பு பஃபினை வளைக்குள்ளிருந்து இழுத்துப் பிடிப்பதற்கென்றே லுண்டேஹுண்ட் என்று ஒரு நாய் ஜாதியை வளர்த்தார்கள். பாறையில் வழுக்காமல் இருக்க அந்த நாய்க்கு ஒவ்வொரு காலிலும் ஆறு விரல்! நூற்றாண்டுக் கணக்கில் நாயை விட்டுப் பிடித்தும் ஒழியாத பறவையை, பக்கத்தில்கூட வராமல், அதன் சாப்பாட்டை எடுத்தே ஒரு தலைமுறைக்குள் கவிழ்த்துவிட்டோம்.

மீனுக்காக ஒரு பஞ்சாயத்து

பிரிட்டன் பக்கத்தில் இவருக்குச் சாப்பாடு ஸாண்ட் ஈல். பெயரில் விலாங்கு இருந்தாலும் விலாங்கு இல்லை. நம் நெத்திலியை நீட்டி இழுத்த மாதிரி வெள்ளி நிற மீன், மணலுக்குள் புதைந்து படுத்துக்கொள்ளும். கொழுப்புச் சத்து நிறைய, குஞ்சின் தொண்டைக்குச் சரியான சைஸ்.

இந்த மீனை மனிதன் பிடிப்பது தான் சாப்பிட அல்ல. அரைத்து மாவாக்கி, எண்ணெய் எடுத்து, பண்ணை மீனுக்கும் பன்றிக்கும் தீவனமாகப் போட! அதற்கு மேல் கடல் சூடாகிறது. ஸாண்ட் ஈல் தின்னும் நுண்ணுயிர்கள் இடம் மாறுகின்றன, வரும் காலமும் மாறுகிறது. ஆக, மீனுக்கே சாப்பாட்டுத் தட்டுப்பாடு.

மீன் பக்கத்தில் இல்லாவிட்டால் பெற்றோர் என்ன செய்வார்கள்? தூரமாகப் போவார்கள். நார்வே, ஐஸ்லாந்து, வேல்ஸ் மூன்று இடத்திலும் பறவைகளுக்குக் கருவி மாட்டிப் பார்த்த ஆய்வு 2021-ல் வந்தது. சரிந்துகொண்டிருக்கும் இடங்களில் பெற்றோர் ரொம்ப தூரம் பறக்கிறார்கள், கொண்டு வருவதோ சத்தில்லாத பொடி மீன். தினம் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் தொங்கிப் போய், பாதிச் சம்பளத்தோடு திரும்பி வருகிற கதைதான். வீட்டில் வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும் ஒரே பிள்ளைக்கு அது பற்றாது.

2024 மார்ச்சில் பிரிட்டன் ஒரு முடிவு எடுத்தது. வட கடலில் இங்கிலாந்துக்குச் சொந்தமான பகுதியிலும் ஸ்காட்லாந்துக் கடல் முழுவதிலும் ஸாண்ட் ஈல் பிடிக்கத் தடை! பிடித்துக்கொண்டிருந்தவை பெரும்பாலும் டென்மார்க் படகுகள். ஐரோப்பிய யூனியன் சும்மா இருக்குமா? பிரெக்ஸிட்டுக்குப் பிறகு போட்ட வர்த்தக ஒப்பந்தத்தின்படி நடுவர் மன்றத்துக்குப் போனது. அந்த ஒப்பந்தத்தின் கீழ் போன முதல் வழக்கே, விரல் நீள மீனைப் பற்றித்தான்! 2025 மே மாதம் தீர்ப்பு வந்தது. தடைக்குப் பின்னால் இருந்த விஞ்ஞானம் சரியென்று ஒப்புக்கொண்டார்கள். ஸ்காட்லாந்துத் தடை செல்லும் என்றார்கள். இங்கிலாந்து மட்டும், முடிவெடுத்த விதத்தில் லாப நஷ்டத்தை ஒழுங்காக எடை போடவில்லை என்று ஒரு குட்டு வாங்கிக்கொண்டது.

சரி செய்ய முடியாததா?

முடியும். இரண்டு சாட்சி சொல்கிறேன்.

இங்கிலாந்தின் தென்மேற்கே லண்டி என்று ஒரு தீவு. பழைய நார்ஸ் மொழியில் அந்தப் பெயருக்கே 'பஃபின் தீவு' என்றுதான் அர்த்தம். 1939-ல் அங்கே 3,500 ஜோடி. 2001-ல் எண்ணினால் ஐந்தே ஐந்து பறவை! எதிரி, கப்பலோடு வந்து இறங்கிய எலிகள். மண் வளைக்குள் இருக்கும் ஒற்றை முட்டை எலிக்கு இலவச டிபன். 2002-லிருந்து 2004 வரை வேலை செய்து எலிகளை ஒழித்தார்கள். பஃபின்கள் தாமாகவே திரும்பின. 2023-ல் எண்ணிக்கை 1,335.

இரண்டாவது சாட்சி அமெரிக்கா. மெய்ன் கடலோரத்தில் ஈஸ்டர்ன் எக் ராக் என்ற தீவில் வேட்டையாடியே பஃபின்களை 1885 வாக்கில் தீர்த்துக் கட்டிவிட்டார்கள். 1973-ல் ஸ்டீஃபன் கிரெஸ் என்ற இளைஞர் ஒரு காரியம் பண்ணினார். நியூஃபவுண்ட்லாந்திலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்தார். இவரே வளை செய்து வைத்தார். வாசலில் தினமும் வைட்டமின் சேர்த்த மீன் வைத்தார். வளர்ந்த குஞ்சுகள் கடலுக்குப் போயின. 'எந்த இடத்திலிருந்து கடலுக்குப் போனதோ, அங்கேதான் திரும்பி வரும்' என்பது அவர் நம்பிக்கை. கூட இருந்த நிபுணர்களில் பல பேருக்கு அந்த நம்பிக்கை இல்லை.

இரண்டு, மூன்று வருஷம் ஒன்றும் வரவில்லை. கிரெஸ் யோசித்தார். பஃபின் கூட்டம் விரும்பும் பறவை. காலியாகக் கிடக்கிற ஹோட்டலுக்குள் நாம் நுழைவோமா? அதே கதைதான். மரத்தில் பஃபின் பொம்மைகள் செய்து பாறை மேல் நட்டு வைத்தார், கண்ணாடியும் வைத்தார். 1977-ல் முதல் பறவை வந்து இறங்கியது. முட்டை? அதற்கு இன்னும் நாலு வருஷம். 1981 ஜூலை 4 அன்று, அலகு நிறைய மீனோடு ஒரு பஃபின் பாறை இடுக்குக்குள் ஓடுவதைப் பார்த்தார்கள். உள்ளே குஞ்சு இருந்தால் ஒழிய மீன் சுமக்க மாட்டார். ஏறக்குறைய நூறு வருஷத்துக்குப் பிறகு அந்தத் தீவில் முதல் குடும்பம்! 1986 வரை கொண்டு வந்த குஞ்சுகள் மொத்தம் 954. 2019-ல் அங்கே இருந்த ஜோடிகள் 188.

அப்படியும் கடல் விடவில்லை. 2012-ல் மெய்ன் கடல் அளவுக்கு மீறிச் சூடானபோது வழக்கமான மீன் கிடைக்கவில்லை. பெற்றோர் கிடைத்ததைக் கொண்டு வந்தார்கள். பட்டர்ஃபிஷ் என்ற வட்ட மீன். குஞ்சின் வாய்க்குள் நுழையாத அகலம். பக்கத்துத் தீவுகளில் காலடியில் மீன் குவிந்து கிடக்க, குஞ்சுகள் பட்டினியால் செத்தன.

அட்டைப் பெட்டிப் பிள்ளைகள்

கடைசியாக, பஃபினின் தலைநகரான ஐஸ்லாந்துக்கே போய்விடலாம். தெற்குக் கரைக்கு வெளியே ஹெய்மே என்று ஒரு தீவு. 1973-ல் ஊருக்குள்ளேயே எரிமலை வெடித்து, மக்கள் எல்லோரையும் ராத்திரியோடு ராத்திரியாகப் படகில் ஏற்றிய தீவு.

ஆறு வார வளர்ப்பு முடிந்ததும் பஃபின் குஞ்சு ராத்திரியில் தனியாகக் கிளம்பும். வழியனுப்ப அப்பா அம்மா யாரும் வர மாட்டார்கள். கடல் மேல் விழும் வெளிச்சத்தை அடையாளம் வைத்துப் பறக்கும். திரும்பக் கரையை மிதிக்க இரண்டு, மூன்று வருஷம் ஆகும். ஹெய்மேயில் ஊர் விளக்கைக் கடல் வெளிச்சம் என்று நினைத்து ஏமாந்து, ஆயிரக்கணக்கான குஞ்சுகள் தெருவில் வந்து விழும். தரையிலிருந்து எழும்பத் தெரியாது. பூனையும் காரும் பக்கத்திலேயே.

அதனால் ஆகஸ்ட், செப்டம்பரில் அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குச் சீக்கிரம் தூங்கு என்ற கட்டளை கிடையாது. டார்ச் லைட்டும் அட்டைப் பெட்டியுமாகத் தெருத் தெருவாக அலைகிறார்கள். கார் அடியில், துறைமுகத்தில், காம்பவுண்டு மூலையில் எல்லாம் தேடிப் பிடித்துப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு போகிறார்கள். காலையில் கடல் ஓரம் போய் அலையைப் பார்த்து விட்டுவிடுகிறார்கள். இவர்கள் தாத்தாக்கள் நீளக் கம்பு வலையில் இதே பறவையைப் பிடித்துச் சமைத்தவர்கள். அந்த வேட்டை இன்னும் அடியோடு நிற்கவில்லை, ஆனால் நாட்கள் வெகுவாகச் சுருங்கிவிட்டன.

2005 வாக்கில் அந்தப் பகுதியில் ஸாண்ட் ஈல் சரிந்தபோது, அடுத்து வந்த பல வருஷங்களில் பிள்ளைகளின் பெட்டிகள் ஏறக்குறைய காலியாகவே திரும்பின. பாறை மேல் பெரிய பறவைகள் அப்போதும் கூட்டமாகத்தான் நின்றன. நஷ்டத்தை முதலில் காட்டிக் கொடுத்தவை அந்த அட்டைப் பெட்டிகள்தான்.

இப்போது விடுவதற்கு முன்னால் குஞ்சைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்கிறார்கள். எடை கூடினால் அந்த வருஷம் கடலில் மீன் இருந்தது என்று அர்த்தம், குறைந்தால் இல்லை. விஞ்ஞானிகள் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்டு வாங்கிப் பார்க்கிறார்கள். ராத்திரி முழுக்கக் கண் விழித்த ஒரு பத்து வயசுப் பிள்ளை எழுதிய '280 கிராம்' என்ற ஒற்றை வரியில், அட்லாண்டிக் கடலின் அந்த வருஷத்து வரவு செலவு இருக்கிறது.